கடன் தீர்க்கப் போனவர்

1886-ம் வருடம், ஜூலை 29. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காயின் வடகரையில் நாற்பத்து மூன்று வயது அமெரிக்கர் ஒருவர் வந்து இறங்கினார். டாக்டர் இல்லை. பாதிரியார் இல்லை. யாரும் அனுப்பவும் இல்லை. சம்பளம் வேண்டாம், ஏதாவது வேலை கொடுத்தால் போதும் என்றார். பெயர், ஜோசஃப் டட்டன்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்களானால், அந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம் செங்குத்தான மலைச்சுவர். ஹவாய் அப்போது ராஜா ஆண்ட தனி நாடு. தொழுநோய் பரவாமல் தடுக்க 1865-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். நோய் கண்டவர்களைப் பிடித்துக் கொண்டுபோய் ஒதுக்கமாக வைத்துவிட வேண்டியது. 1866 ஜனவரியில் முதல் தவணையாகப் பன்னிரண்டு பேர் மொலோக்காய்க்கு வந்தார்கள். அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளை இங்கே, பெற்றவள் அங்கே. குணப்படுத்த மருந்து கிடையாது. வந்தவர்களில் அநேகமாக யாரும் திரும்பிப் போனதும் கிடையாது.

1873-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த டேமியன் பாதிரியார் அங்கே போய்க் குடியேறினார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார். வீடு கட்டினார். சவப்பெட்டி செய்தார். குழியும் வெட்டினார். பதினோரு வருடம் கழித்து அவருக்கும் அதே நோய். விஷயம் கேள்விப்பட்டுத்தான் டட்டன் மூட்டை கட்டினார்.

இத்தனைக்கும் டட்டன் பிறவி பக்தரெல்லாம் இல்லை. 1843-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்து, விஸ்கான்சினில் வளர்ந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் தளவாடம் பார்க்கும் வேலை. போர் முடிந்ததும் ஒரு கல்யாணம். அது நிலைக்கவில்லை. மனைவி போய்விட்டார், பாட்டில் வந்துவிட்டது. பத்து வருடம் குடியிலேயே போயிற்று. 1876-ல் ஒருவழியாக விட்டொழித்தார்.

விட்டால் ஆச்சா? வீணாய்ப் போன வருடங்களுக்கு யார் பதில் சொல்வது? அந்தக் கேள்விதான் அவரை மதத்தின் பக்கம் தள்ளியது. 1883-ல், நாற்பதாவது பிறந்தநாளன்று, கத்தோலிக்கரானார். ஐரா என்ற பழைய பெயர் போய் ஜோசஃப் ஆனது. கெண்டக்கியில் கெத்சமனி மடத்தில், மௌனம் காக்கும் துறவிகளோடு இருபது மாதம் இருந்து பார்த்தார். மௌனம் போதவில்லை. உடம்பு நோக உழைத்துக் கழிக்கவேண்டும் என்று தோன்றியது. அவருக்கு அது பரிகாரம்.

பி.காம். படித்த எனக்கு இந்த மனசு நன்றாகவே புரிகிறது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். இரண்டும் நேரானால் கணக்கை மூடிவிட்டுக் கிளம்பலாம். பத்து வருடக் குடிக்குப் பத்து வருட சேவை என்று வைத்தால்கூட 1896-ல் பாக்கி தீர்ந்துவிட்டது.

டட்டன் கிளம்பவில்லை. 1889-ல் டேமியன் இறந்தார். அதற்கு முந்தைய வருடமே வந்து சேர்ந்திருந்த மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரி பெண்களையும் சிறுமிகளையும் பார்த்துக்கொள்ள, ஆண்பிள்ளைகளுக்கான பால்ட்வின் இல்லம் டட்டன் பொறுப்புக்கு வந்தது. தினமும் புண் கழுவுவது, கட்டு மாற்றுவது, இல்லத்தின் நிர்வாகம், நடுவே ஊர் உலகத்துக்கெல்லாம் கடிதம். 1908-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய அமெரிக்கக் கடற்படையின் பதினாறு போர்க்கப்பல்கள், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவின்பேரில், அவருக்கு மரியாதை செலுத்துவதற்காகவே வழி மாறி மொலோக்காய் பக்கம் வந்து போயின.

என்னைக் கவர்ந்தது கப்பல் மரியாதை அல்ல. தவம் செய்ய வந்த இடத்தில் எப்போது பார்த்தாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறதே, வெட்கமாக இருக்கிறது என்று டட்டன் எழுதியிருக்கிறார். பாவம் கழுவ வந்த மனுஷன், கழுவுகிற வேலையில் பாவத்தையே மறந்துபோனார். தன்னைப் பற்றிய கவலையோடு வந்தவருக்கு, அடுத்தவன் புண்ணைப் பார்த்ததில் தன் கவலைக்கு நேரமில்லாமல் போயிருக்கவேண்டும்.

ஆனால் ஒன்று. டட்டனுக்குக் கதவு திறந்தே இருந்தது. எந்தக் கப்பலிலும் ஏறிப் போயிருக்கலாம். அவர் கட்டுப் போட்ட பையன்களுக்கு அந்தக் கதவு இல்லை. தியாகத்தைக் கொண்டாடும்போது இதை மறந்துவிடக் கூடாது. நாற்பதுகளில் மருந்து வந்த பிறகும், அந்தச் சட்டம் போக 1969 வரை ஆயிற்று. அதற்குள் சுமார் எட்டாயிரம் பேரை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

திறந்திருந்த கதவு வழியே டட்டன் நாற்பத்து நாலு வருடம் வெளியே போகவில்லை. கடைசியில் உடம்பு முடியாமல் 1930-ல் ஹொனலுலு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் மார்ச் 26-ம் தேதி இறந்தார். வயது 87. நோய் அவரைத் தொடவே இல்லை. உடலை மட்டும் மறுபடி மொலோக்காய்க்குக் கொண்டுவந்து, டேமியனின் தேவாலயத்தை ஒட்டி அடக்கம் செய்தார்கள்.