துடுப்பும் பொறியும்
பனிக்காலம் அறியாத சிங்கப்பூரிலும், நெடுநாள் ஓய்ந்த படகுப்பொறி எளிதில் உயிர்பெறுவதில்லை. டீசலில் நீர் சேரும். குழாயில் காற்று புகும். உப்புக்காற்று மின்கலத்தின் முனைகளை அரிக்கும். சிங்கப்பூர் ஆற்றின் தொடக்ககாலத் தோணிக்காரர் இத்தொல்லையை அறியார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, சூலியாக்கள் என அழைக்கப்பெற்ற தமிழ் முஸ்லிம்கள் அவர்களுள் முதன்மையானோர். துடுப்பையும் கடலின் ஏற்ற இறக்கத்தையும் நம்பியே அவர்கள் கப்பற்சரக்கைக் கரைசேர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் சீனர் கைக்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோணிகளில் பொறிகள் பெருகியபோது, பழுது பார்க்கும் கவலையும் அவர்களுடையதே ஆயிற்று. அதுவும் நீடித்ததா? 1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியையொட்டி, 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. பழைய படகுத்துறையின் அருகே சூலியாத் தெரு இன்றும் இருக்கிறது. அதில் நடப்போருள் அப்பெயரின் பொருளை வினவுவோர் சிலரே.