அப்பிளின் உள்நோய்



மரத்தினின்று பறிக்கப்பட்ட பின்னரும் அப்பிள் உயிருள்ள பொருளே. ஒட்சிசனை உட்கொண்டு, காபனீரொட்சைட்டை வெளிவிட்டு, அது சுவாசித்துக் கொண்டிருக்கின்றது. இவ்வுண்மையை மறந்து களஞ்சியம் அமைத்தோர் அடைந்த நட்டமும், அந்நட்டத்தினின்று பிறந்த அறிவுமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலாம் உலகப் போரையடுத்த ஆண்டுகளில், அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அப்பிள்கள் கப்பலின் குளிரறைகளிற் பல வாரங்கள் கிடந்தன. இறக்கியபோது தோலில் மாசில்லை. அறுத்தபோதோ சில கனிகளின் உட்சதை கபில நிறமாய் மாறியிருந்தது. இதனைக் 'கபில நெஞ்சு நோய்' எனலாம். பழி யாரைச் சாரும்? விளைவித்தவனையா, ஏற்றி வந்தவனையா?

பிராங்ளின் கிட், சிறில் வெஸ்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் இதற்கு விடை கண்டனர். போர்க்காலத்தில் எழுந்த உணவுப் பஞ்சத்தை முன்னிட்டுப் பிரித்தானிய அரசு நிறுவிய உணவு ஆராய்ச்சிச் சபையின் சார்பில் உழைத்தவர்கள் இவர்கள். இந்நோய் கிருமியால் வருவதன்று. காற்றோட்டம் குன்றிய அறையில், கனிகள் தாமே வெளிவிட்ட காபனீரொட்சைட்டுத் தேங்கி, அவற்றின் சதையையே கெடுத்தது என 1923 இல் அவர்கள் எடுத்துரைத்தனர். அறையிற் காற்றை உலவவிடுதலே பரிகாரமாயிற்று.

ஆயின் வரலாறு அங்கு முடியவில்லை. மிகுந்தாற் கெடுக்கும் அவ்வாயுவே, அளவோடு நின்றாற் கனியின் சுவாசத்தைத் தணித்து முதுமையைப் பின்போடும் என்பதையும் அவ்விருவரே நிறுவினர். இங்கிலாந்தின் பிராம்லி அப்பிள் கடுங்குளிரைத் தாங்காது. உறைநிலையை அண்டினால் அதன் உட்சதை குலைந்துவிடும். ஆதலின் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் வைத்து, குளிரால் இயலாததை வாயுவால் நிறைவு செய்தனர். 1927 இல் அவர்களது வாயுக் களஞ்சிய அறிக்கை வெளிவந்தது. 1929 இற் கென்ற் மாவட்டத்தில் வணிக முறைக் களஞ்சியம் எழுந்தது.

இன்று உலகெங்கும் அப்பிள் இம்முறையிற் காக்கப்படுகின்றது. எனினும் எல்லா இனங்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது. பிறேபேர்ண் போன்ற இனங்கள் சிறிதளவு காபனீரொட்சைட்டு மிகினும் உள்ளே கபிலமாகின்றன. நோய்க்கு ஏதுவான குறை தோட்டத்திலேயே கனியுட் புகுந்திருந்தால், களஞ்சியம் அதனைக் குணப்படுத்தாது. தகாத களஞ்சியமோ அதனை வளர்த்துவிடும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் நம் முன்னோர். நஞ்சும் அளவறிந்தால் மருந்தாகும் என்பதை அழுகிய அப்பிள்கள் அறிஞர்க்கு உணர்த்தின.