பாகங்களாக வந்த ராக்கெட்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவே இருக்கிறது பழவங்காடி. அங்கே கணபதி கோயிலில் நாள் முழுக்கத் தேங்காய் உடைபடும். திருவிதாங்கூர் படையினர் வழிபட்ட பிள்ளையார் என்பதால் கோயிலை இன்றும் ராணுவமே பராமரிக்கிறது. 1963இல் இந்த நகரத்து லாட்ஜ்களில் சில இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். காலையில் ரயில் நிலைய கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கும் அங்கேயே பொட்டலம் வாங்கிக்கொண்டு, தும்பா என்கிற மீனவ கிராமத்துக்கு பஸ் ஏறுவார்கள். அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி இந்திய விண்வெளி ஆய்வுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் அவர்கள்தாம். அவர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவர்கள் கையால் பூட்டிய நைக்-அப்பாச்சி ராக்கெட்டுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு.

அது இரண்டு குடும்பங்களின் பிள்ளை. கீழ்ப்பாதியான நைக், போருக்காகப் பிறந்தது. அமெரிக்க நகரங்களை எதிரி விமானங்களிலிருந்து காக்க 1950களில் நிறுத்தப்பட்ட நைக்-அஜாக்ஸ் ஏவுகணையைத் தரையிலிருந்து உந்தித் தள்ளும் முதல் கட்டம் அது. பிற்பாடு விஞ்ஞானிகள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். மேல்பாதியான அப்பாச்சி, தயோகோல் நிறுவனம் செய்த ஒல்லியான திட எரிபொருள் மோட்டார். நைக்கின் விட்டம் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர். அப்பாச்சியின் விட்டம் பதினாறரைதான். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உச்சியில் கருவிகள் அடங்கிய கூம்பைப் பூட்டினால் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், சுமார் 715 கிலோ எடை. விமானத்தை வீழ்த்தப் பிறந்த உருளை, காற்றைப் படிக்கும் கருவிக்கு ஏணியானது. இந்த ராக்கெட்டின் கதையில் என்னை மிகவும் கவர்வது இதுதான்.

பொழுதுபோக்காக ராக்கெட் செய்வோர் வாங்கும் கிட்டும் ஏறக்குறைய இதே காலத்துப் பிள்ளைதான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், காகிதக் குழாயில் செய்த சின்ன ராக்கெட்டையும் அதற்கான மோட்டாரையும் 1957இல் ஹாரி ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். ஸ்டைன், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்தவர். நைக் ஏவுகணைகளைச் சோதித்த இடமும் அதுவே. ஸ்புட்னிக் பறந்த கையோடு, வீட்டுக் கொட்டகையில் மருந்து கலந்து ராக்கெட் செய்யப் போய்க் கையையும் கண்ணையும் பறிகொடுத்த சிறுவர்கள் அமெரிக்காவில் பலர். அதற்கு மாற்றாகத்தான் மாடல் ராக்கெட் பரவியது. நெருப்பை, அதாவது மருந்து அடைத்த மோட்டாரை, தொழிற்சாலையில் செய்து மூடித் தருவார்கள். குழாய், இறக்கை, மூக்குக் கூம்பு, பாராசூட் எல்லாவற்றையும் வாங்குபவர் ஒட்டிக் கோத்து, நிமிர்த்தி, மின்கம்பி இணைத்து, தள்ளி நின்று பொத்தானை அழுத்த வேண்டும். இந்த வழியில் பெரிதாக வளர்ந்த எஸ்டெஸ் நிறுவனம், பின்னாளில் நைக் குடும்பத்து ராக்கெட்டுகளின் குறுவடிவங்களையும் கிட்களாக விற்றது.

தும்பாவுக்கு வந்ததும் அப்படிப்பட்ட ஏற்பாடுதான், அளவுதான் வேறு. காசு கொடுத்து வாங்கவில்லை. சர்வதேச ஒத்துழைப்பின் பேரில் நாசா ராக்கெட்டைக் கொடுத்தது, பயிற்சியையும் கொடுத்தது. உள்ளே வைக்க வேண்டிய சோடியம் கலம் பிரான்ஸிலிருந்து வந்தது. இந்தியா தந்தது இடத்தையும் ஆட்களையும். மோட்டாருக்குள் இருந்த மருந்தை இங்கே யாரும் கலக்கவில்லை. அதற்கு வெளியே இருந்த வேலை அத்தனையும் இங்கே நடந்தது.

அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் தரையில் இல்லை, வானத்தில் இருந்தது. புவிகாந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. பலூன் அந்த உயரத்துக்கு எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றினால் காற்றின் உராய்வில் விழுந்துவிடும். நடுவே உள்ள அந்த அடுக்கை நேரில் போய்த் தொட சவுண்டிங் ராக்கெட் ஒன்றுதான் வழி. மேலே போகும், சில நிமிடம் அளக்கும், கடலில் விழும். இந்திய விண்வெளித் திட்டத்தை முன்னின்று நடத்திய விக்ரம் சாராபாய் இந்த ஊரைக் கேட்டார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா புனித மகதலேனா மரியாள் தேவாலயத்தை விட்டுக் கொடுக்க முன்வந்தார். மீனவக் குடும்பங்கள் வீடு மாறிப் போயின. ஒரு கிராமம் தன் கோயிலையும் குடியிருப்பையும் கொடுத்த பிறகுதான் ராக்கெட்டுக்குக் கூரை கிடைத்தது. இதைச் சொல்லாமல் ராக்கெட்டின் பெருமையை மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

தேவாலயமே பட்டறையானது. ராக்கெட்டைப் பூட்டுவதும் பாதுகாப்பும் ராமேசுவரத்து அப்துல் கலாமின் பொறுப்பு. ரேடார், தொலையளவி, தரைக்கருவிகள் எல்லாம் ஆர். அரவமுதனுடையவை. ஈஸ்வர்தாஸும் ராக்கெட்டைப் பூட்டி, ஏவும் ஏற்பாடுகளைச் செய்தார். நாசாவின் கோடார்டு மையத்திலும் வாலப்ஸ் தீவிலும் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். வாலப்ஸ் வரவேற்பறையில் திப்பு சுல்தானின் ராக்கெட் படை ஆங்கிலேயரை எதிர்க்கும் ஓவியத்தைக் கண்டதைக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பூட்டுகிற வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நைக்கின் தலையில் ஒரு கூம்பு வடிவ இணைப்பு உண்டு. அப்பாச்சியின் அடிப்பகுதி அதில் செருகி உட்காரும். மேல்கட்டம் கீழ்க்கட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிளம்பியதும் நைக் மூன்றரை விநாடிதான் எரியும். அது அணைந்தவுடன், தடித்த நைக்கைக் காற்று அதிகமாகப் பிடித்து இழுக்கும், ஒல்லியான அப்பாச்சி நழுவி முன்னே போய்விடும். பிரிப்பதற்குத் தனிப் பொறி தேவையில்லை, காற்றே பிரித்துவிடும். பிறகு அப்பாச்சி எரியாமலே மேலேறும். கிளம்பி ஏறக்குறைய இருபதாவது விநாடியில் பற்றிக்கொண்டு, ஆறு விநாடிக்கு மேல் எரிந்து அணையும். மீதி உயரம் முழுக்க அந்த வேகத்தில் ஏறுவதுதான். இறக்கைகள் இம்மி சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் ராக்கெட் சுழன்றபடி போகும், திசை தப்பாது. ஆகவே செருகல் நேராக உட்கார வேண்டும், இறக்கையின் சாய்வு சரியாக இருக்க வேண்டும், பற்றவைக்கும் கம்பிகளில் கசியும் மின்சாரம் துளிகூட இருக்கக் கூடாது. பூட்டும் வேலைதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஏவும் நாள் வந்தது. பூட்டிய ராக்கெட்டை லாரியில் ஏற்றி ஏவுமேடைக்குக் கொண்டுபோனார்கள். கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேன் அதைத் தூக்கியது. மேடையில் வைக்கப் போகும் நேரம் பார்த்து ராக்கெட் ஒருபக்கம் சாய்ந்தது. கிரேனில் எண்ணெய்க் கசிவு. பழுது பார்க்கப் பொழுதில்லை. இருந்தவர்கள் எல்லாரும் தோள் கொடுத்து, கைபலத்தாலேயே அதை மேடையில் ஏற்றினார்கள். தொலைவிலிருந்து ஏவும் கருவியும் கடைசி நேரத்தில் மக்கர் செய்ய, அதையும் சரிசெய்தார்கள்.

நேரத்தைத் தள்ளிப்போட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ராக்கெட் சுமந்தது சோடியம். மேலே போனதும் தெர்மைட் கலவை பற்றி எரிந்து, அந்த வெப்பத்தில் சோடியம் ஆவியாகி வெளியே பீறிடும். சூரிய ஒளி பட்டால் அந்த ஆவி மஞ்சளாக ஒளிரும். நம் தெருவில் எரிந்த சோடியம் விளக்கின் அதே மஞ்சள். தரையில் இருட்டியிருக்க வேண்டும், மேலே மட்டும் வெயில் இருக்க வேண்டும். அந்தி நேரம்தான் அதற்குத் தோது, அதுவும் கொஞ்ச நேரமே. மாலை 6.25க்கு ராக்கெட் கிளம்பியது. 200 கிலோமீட்டருக்கும் மேலே ஏறியது. இருண்ட வானத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் கோடு ஒன்று தோன்றி, மெல்ல வளைந்து நெளிந்தது. அந்த நெளிவுதான் ஆய்வு. ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்பதை அந்தக் கோட்டின் கோணல்களைப் படமெடுத்துக் கணக்கிடலாம். கருவி எதுவும் திரும்பி வர வேண்டியதில்லை. மாடல் ராக்கெட்டில் இருக்கும் பாராசூட் இதில் கிடையாது. நைக்கும் அப்பாச்சியும் அரபிக்கடலில் விழுந்தன. அந்த ராக்கெட்டின் ஆயுள் அன்றைக்கே முடிந்தது.

அதன் பேரில் உலவும் ஒரு படத்தை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் மூக்குக் கூம்பை வைத்துத் தள்ளிப்போகும் புகழ்பெற்ற படம் நைக்-அப்பாச்சியுடையதாகவே பகிரப்படுகிறது. புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1966இல் தும்பாவில் எடுத்தது அது. அதோடு சேர்த்துப் பகிரப்படும், மாட்டுவண்டியில் செயற்கைக்கோள் இருக்கும் படமோ 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளைச் சோதித்தபோது எடுத்தது. சோதனைக்கு உலோகம் குறைந்த வண்டி வேண்டும் என்று தெரிந்தேதான் அதைத் தேர்ந்தார்கள். வறுமையின் சின்னமாக அந்தப் படத்தைக் காட்டுவது அந்தப் பொறியாளர்களின் அறிவுக்குச் செய்யும் அநீதி.

மூடி வந்த மோட்டாரைத் திறந்து, உள்ளே இருக்கும் நெருப்பைத் தாங்களே செய்வது அடுத்த வேலையாயிற்று. 1967 நவம்பர் 20 அன்று, நான்கு ஆண்டு நிறைய ஒரு நாள் பாக்கி இருக்கையில், ஆர்.எச்-75 தும்பாவிலிருந்து பறந்தது. விட்டம் 75 மில்லிமீட்டர். அப்பாச்சியின் பாதிகூட இல்லை, பொழுதுபோக்கு ராக்கெட் செய்பவர் கைக்கு அடங்கும் பருமன். பார்வைக்கு நைக்-அப்பாச்சியிலிருந்து பல படி கீழே இறங்கியதுபோலத் தோன்றும். ஆனால் இது இங்கே செய்தது. பிரான்ஸின் சென்டார் ராக்கெட்டை உரிமம் பெற்று இங்கேயே செய்தார்கள். வசந்த் கோவாரிக்கரின் குழு திட எரிபொருளில் இறங்கியது. ஆர்.எச்-75இல் தொடங்கிய ரோகிணி வரிசை வளர்ந்தது. அந்த வரிசையின் ஆர்.எச்-200, இரண்டு கட்ட ராக்கெட், தும்பாவிலிருந்து இன்னமும் வானிலை ஆய்வுக்காகப் பறக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று, தொடர்ச்சியாக 200ஆவது முறை அது பிசகின்றி மேலேறியது.