சொத்தில்லாதவர்களின் சொந்தம்

சொத்து வெளியே போய்விடக் கூடாது, அதனால்தான் அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நிலம் வைத்திருப்பவனுக்கு அது பொருந்தலாம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் சேரியில் வெளியே போக என்ன இருந்தது? ஆயாவின் நைனா காலத்தில் வந்த ஒரு துண்டு டி.சி. நிலம், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையில் அசலில் நடந்த கல்யாணம் இரண்டே இரண்டுதான். நாங்கள் எதை வெளியே விடாமல் காத்தோம்?

எம்.ஏ. படித்த நாட்களில் ஆயாவிடம் கேட்டுக் கேட்டுக் கொடிவழி எழுதினேன். மரமாக வரையத் தொடங்கிய காகிதம் வலையாக முடிந்தது. ஆயா தன் மூத்த மகளைத் தன் தம்பிக்கே கொடுத்தாள். அந்தத் தம்பி என் அப்பாவுக்குத் தாய்மாமன். அக்காள் புருஷனும் அவரே. எனக்கு ஒரு வழியில் தாத்தா, இன்னொரு வழியில் அத்தை புருஷன். அவர் மகள் எனக்கு அத்தை மகள், கட்டிக்கொள்ளும் முறை. ஆனால் அப்பாவின் தாய்மாமன் மகள் என்று கணக்குப் போட்டால் அவள் அப்பா கட்டியிருக்கக்கூடிய பெண், ஆகவே எனக்குச் சின்னம்மா. ஒருத்தியே முறைப்பெண்ணும் தாயும். ஆயா இதற்கெல்லாம் குழம்பவில்லை. "எது கிட்டக்க இருக்குதோ அதான் முறை. இன்னாத்துக்கு இம்மாம் பேப்பரப் பாழாக்கற?"

இந்த முறைப்பெயர்கள் கடல் கடந்தும் போயின. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட உறவுமுறை நூலுக்கு ஆர்க்காடு மிஷனின் ஸ்கட்டர் பாதிரிமார் தமிழ் உறவுச் சொற்களைத் தந்தார்கள். செனகா பழங்குடியினரின் சொற்களோடு அவை ஒத்துப்போனதைக் கண்டு மார்கன் வியந்தார். அதற்கு வெகு காலம் முன்பே பௌதாயன தர்ம சூத்திரம், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தெற்கத்திக்காரர் வழக்கம் என்று எழுதிவைத்துவிட்டது. 1953-இல் லூயி துய்மோன், 'மாமன்' போன்ற சொற்கள் இரத்தத்தைவிட மண உறவைத்தான் குறிக்கின்றன என்று வாதிட்டார். நல்ல வாதம். ஆனால் எங்கள் வலையைப் புரிந்துகொள்ள எனக்கு இவற்றைவிட உதவியது செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கை. (திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-இல், அதுவரை நாங்கள் செங்கல்பட்டு ஜில்லாதான்.)

1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையைக் காகிதத்தில் ஒழித்தது. அதன் பிறகு ஆளைக் கட்டிவைத்தது கடன். கடன் பெரும்பாலும் கல்யாணத்துக்கு. மிராசுதார் நெல்லும் பணமும் தருவார், மாப்பிள்ளை அவருக்குப் படியாள் ஆவான். அவன் செத்தால் மகன் தலையில். ஆயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அசல்ல பொண்ணு எட்த்தா பரிசம் போடணும், ஊரக் கூட்டிச் சோறு போடணும். எந்தம்பிக்கு எம்பொண்ணக் குட்த்தா ஒரு பொடவை, ஒரு மஞ்சக்கயிறு. ஆண்டையாண்ட போய் நிக்க வேணாம்."

காத்தது ஆளைத்தான். கடனுக்குப் போகாத இரண்டு கைகள். ஆதிக்கச் சாதிக்காரன் நிலத்தைப் பிரிக்காமலிருக்கச் செய்த அதே கல்யாணத்தை எங்கள் சனம் படியாளாகாமலிருக்கச் செய்திருக்கிறது. வழக்கம் ஒன்று, வயிறு வேறு.

இதைச் சொல்லிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டியபோது அத்தைக்கு வயது பதின்மூன்று. அவளை யாரும் கேட்கவில்லை. கடனிலிருந்து தம்பியைக் காப்பாற்ற ஆயா கொடுத்தது மகளை. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர், அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்றும் அதன் சுமை பெண்ணுடல் மீதே இறங்குகிறது என்றும் காட்டினார். எங்கள் வலைக்கும் வெளிவேலி சாதிதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் இரத்த உறவில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். நாட்டிலேயே இது முதலிடம்.

அந்தப் பெண்களை எழுத்து எப்படி வைத்திருக்கிறது? 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளின் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் உண்டு. தாய் பெயருக்கு இடமில்லை. முடிச்சே தாய் வழியில்தானே விழுகிறது!

இப்போது நிலத்துக்கு வருகிறேன். டிரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசாணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

ஆயாவின் நைனாவுக்கு 1930-களில் கிடைத்த துண்டும் கைமாறிவிட்டது. தொழிற்பேட்டை வந்து மண்ணுக்கு விலை ஏறிய பிறகு வேற்றுச் சாதிக்காரர் ஒருவர் பேரில் கிரயம் இருப்பதைக் கண்டோம். மீட்க மனு எழுதினால் முதலில் கேட்பது வாரிசு விவரம். நைனாவின் பிள்ளைகள் இரண்டு பேர்: ஆயா, அவள் தம்பி. இருவரும் இறந்துவிட்டார்கள். அத்தை, ஆயாவின் மகள் என்ற வகையில் ஒரு வாரிசு. தம்பியின் விதவை என்ற வகையில் இன்னொரு வாரிசு. சட்டப்படி இரண்டு உரிமையும் அவளுக்கு உண்டு. ஓர் அலுவலகத்தில் எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்: "ஒரே பேரு ரெண்டு எடத்துல வருது. தப்பா எழுதியிருக்கீங்க. ஒண்ண அடிச்சிட்டுக் கொண்டாங்க."

ஒன்றை அடித்தால் ஒரு பங்கு போகும். வலை வரைந்த பழைய காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஆண்டும் சாட்சியும் எழுதி, இரண்டு பிரமாண வாக்குமூலங்கள் தயாரித்தோம். மகளாக ஒன்று, மனைவியாக ஒன்று. அத்தை இரண்டிலும் கைநாட்டு வைத்துவிட்டு, "எந்தக் காயிதம் எங்கம்மாளுது?" என்று கேட்டாள். காட்டினேன். அதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். மனு நிலுவையில் இருக்கிறது.