பனிக்காலத்தில் மிதிவண்டிப் பயணம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பொதுவான விளக்கம்

கனடாவின் ரொறன்ரோ, மொன்றியல் போன்ற நகரங்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை சாலைகளில் பனியும் பனிக்கட்டியும் காணப்படுவது இயல்பு. அக்காலத்திலும் பணிக்கும் கல்விக்கும் மருத்துவமனைக்கும் மிதிவண்டியிலேயே செல்வோர் உள்ளனர். சிலருக்கு அது உடற்பயிற்சி; பலருக்கு அதுவே செலவு குறைந்த வாகனம்.

பனியில் மிதிவண்டி ஓட்டுவது தன்னளவில் நோய் தரும் செயல் அன்று. வடதுருவ வட்டத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள ஃபின்லாந்தின் ஔலு நகரில் பள்ளிச் சிறுவர்கள் முதல் முதியவர்கள் வரை குளிர்காலத்திலும் மிதிவண்டி ஓட்டுகின்றனர். குளிர்கால மிதிவண்டிப் பயணம் குறித்த பன்னாட்டு மாநாடு முதன்முதலில் 2013-ஆம் ஆண்டு அந்நகரில்தான் நடைபெற்றது. அங்கே மிதிவண்டிகளுக்குத் தனிப் பாதைகள் உள்ளன. பனிக்காலத்திலும் அவை ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. எனவே ஓட்டுபவரின் துணிவைவிடப் பாதையின் நிலையே முதன்மையானது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா போன்ற நீண்டகால நோய் உள்ளவர்களில் பலரும் உரிய முன்னேற்பாடுகளுடன் குளிர்காலத்தில் மிதிவண்டி ஓட்டலாம். ஆனால் அவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். குளிரின் இயல்பான விளைவுகளும் நோயின் எச்சரிக்கை அறிகுறிகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். நடுக்கம், விரல் மரத்துப்போதல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல் ஆகியவற்றைக் "குளிர்தானே" என்று விட்டுவிடுவதே மிகப் பெரிய ஆபத்து. இரண்டையும் வேறுபடுத்தி அறிய இக்கட்டுரை உதவும்.

குளிரில் உடலுக்கு என்ன நிகழ்கிறது?

குளிர்ந்த காற்று படும்போது, உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும் பொருட்டுத் தோல், கை, கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதனால் விரல்கள் குளிர்கின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இருதயத்தின் வேலை கூடுகிறது. அதே வேளையில் மிதிவண்டி மிதிப்பதும் இருதயத்துக்கு வேலை தருகிறது. இரண்டு சுமைகள் ஒரே நேரத்தில் சேர்கின்றன.

நடப்பவரைவிட மிதிவண்டி ஓட்டுபவருக்குக் குளிர் கடுமையாக இருக்கும். காற்றே வீசாத நாளிலும் வண்டியின் வேகம் முகத்தில் காற்றை உண்டாக்குகிறது. வெப்பநிலை -10 டிகிரி செல்சியஸ் ஆகவும் காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டராகவும் இருந்தால், தோலுக்கு அது -18 போல உணரப்படும். வெப்பநிலை -20 ஆனால் அதே காற்றில் அது -30 போல உணரப்படும். வானிலை அறிக்கையில் கூறப்படும் இந்தக் காற்றுக்குளிர் அளவு -28-க்குக் கீழே சென்றால், மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். அரைமணி நேரப் பயணம் செய்பவருக்கு இது போதுமான காலம் ஆகும்.

நோய்வாரியாகக் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு

இன்சுலின் அல்லது கிளிக்ளசைடு, கிளைபுரைடு போன்ற மாத்திரைகளைப் பயன்படுத்துவோருக்கு, மிதிக்கும் உழைப்பால் இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையலாம். அதன் முதல் அறிகுறி நடுக்கம். குளிரின் அறிகுறியும் நடுக்கமே. நடுக்கத்துடன் வியர்வை, கடும் பசி, படபடப்பு, குழப்பம், கண் மங்கல் ஆகியவற்றுள் எதுவும் சேர்ந்தால், அது சர்க்கரைக் குறைவாக இருக்கலாம். பீட்டா தடுப்பான் வகை மருந்து உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளித்தெரியாமல் போகலாம். அவர்கள் வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

ஐயம் எழுந்த உடனே வண்டியை நிறுத்தவும். இயன்றால் சர்க்கரை அளவைச் சோதிக்கவும். அது 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலும், சோதிக்க இயலாவிட்டாலும், 15 கிராம் குளுக்கோஸ் மாத்திரை அல்லது 150 மில்லிலிட்டர் பழச்சாறு உட்கொண்டு, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்கவும். முழுமையாகச் சரியாகும் வரை வண்டியில் ஏற வேண்டாம்.

இன்சுலினையும் சோதனைக் கருவியையும் வண்டியில் தொங்கும் பையில் வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின், பின்னர் உருகினாலும் பயன்படாது; அதை அப்புறப்படுத்த வேண்டும். மிகுந்த குளிரில் சோதனைக் கருவியும் சரியாக வேலை செய்யாது. இரண்டையும் மேலங்கியின் உட்பையில் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளவும்.

நரம்புப் பாதிப்பால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, விரல் உறைவது தெரியாமலே போகலாம். வலி இல்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று கொள்ள வேண்டாம். சென்று சேர்ந்ததும் காலுறையைக் கழற்றி இரு பாதங்களையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கவும்.

இருதய நோய், உயர் இரத்த அழுத்தம்

குளிர்காற்றில் நெஞ்சில் இறுக்கம் தோன்றினால், குளிர்காற்றைச் சுவாசித்ததால் வந்தது என்று எண்ணித் தொடர்ந்து மிதிக்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே நிறுத்தி அமரவும். மருத்துவர் நைட்ரோகிளிசரின் தெளிப்பான் வழங்கியிருந்தால் ஒருமுறை பயன்படுத்தவும். 5 நிமிடங்களில் வலி நீங்காவிட்டால் 911-ஐ அழைக்கவும். தெளிப்பான் இல்லாதவர்கள் காத்திராமல் உடனே அழைக்கவும்.

அண்மையில் மாரடைப்பு அல்லது இருதய அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டவர்கள் மருத்துவரின் அனுமதி பெறும் வரை குளிரில் மிதிவண்டி ஓட்டக் கூடாது.

ஆஸ்துமா

குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால் உள்ளிழுக்கும் காற்று சற்று வெப்பமும் ஈரமும் பெறும். பயணத்துக்கு முன் சல்பியூட்டமால் உறிஞ்சியைப் பயன்படுத்துமாறு மருத்துவர் கூறியிருந்தால், புறப்படுவதற்கு 15 நிமிடங்களுக்கு முன் அவ்வாறே செய்யவும். உறிஞ்சியையும் உட்பையிலேயே வைக்கவும். குளிர்ந்துவிட்டால் அது மருந்தைச் சரியான அளவில் வெளியிடாது.

இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்துகள்

வார்ஃபரின், அபிக்சபான், ரிவரொக்சபான் போன்ற மருந்துகளை உட்கொள்பவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், தலைக்குள் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி. தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். எனவே நலமாக உணர்ந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். உட்கொள்ளும் மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழிதில் தெரியும்படி எழுதி எப்போதும் உடன் வைத்திருக்கவும்.

எலும்பு நலிவு, வலிப்பு

எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்குச் சிறு வீழ்ச்சியும் மணிக்கட்டு அல்லது இடுப்பு எலும்பை முறிக்கக்கூடும். அவர்கள் பனிக்கட்டி உள்ள நாட்களில் மிதிவண்டியைத் தவிர்ப்பதே நலம். வலிப்பு முழுமையாகக் கட்டுப்படாதவர்கள் எக்காலத்திலும் சாலையில் மிதிவண்டி ஓட்டக் கூடாது.

புறப்படும் முன்

உடை: உடலை ஒட்டிய உள்ளாடை கம்பளி அல்லது வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழையால் ஆனதாக இருக்கட்டும். பருத்தி வியர்வையில் நனைந்து உடலைக் குளிரச் செய்யும். அதன்மேல் வெப்பம் தாங்கும் ஓர் ஆடையும், காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலங்கியும் அணியவும். புறப்படும்போது சற்றுக் குளிராக உணர்வதே சரியான அளவு. முதலிலேயே கதகதப்பாக இருந்தால் வழியில் வியர்த்து நனைய நேரிடும். ஐந்து விரல்களும் தனித்தனியே உள்ள கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை வெப்பம் காக்கும். தலைக்கவசத்தின் கீழ் மெல்லிய தொப்பி அணியலாம். கவசம் இறுக்கமாகப் பொருந்துகிறதா என மீண்டும் சரிபார்க்கவும். கழுத்துத் துணி, துப்பட்டா ஆகியவற்றின் முனைகள் சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்ளவும்.

வண்டி: சிறு உலோக முனைகள் பதித்த குளிர்கால டயர்கள் பனிக்கட்டியில் பிடிமானம் தரும். குளிர்காலத்தில் பணி முடியும் முன்னரே இருட்டிவிடுவதால் விளக்குகள் இன்றியமையாதவை. ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, சூரியன் மறைவதற்கு அரைமணி முன்பிருந்து, உதித்து அரைமணி ஆகும் வரை, மிதிவண்டியின் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கு அல்லது சிவப்பு ஒளிதிருப்பியும் இருத்தல் வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்குத் தலைக்கவசம் கட்டாயம். அனைவருக்கும் அது அவசியம்.

சாலை: பொழிந்து கிடக்கும் புதுப் பனியைவிட, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பனிக்கட்டிப் படலமே ஆபத்தானது. ஈரமான தார்ச்சாலை போல அது தோன்றும். மேம்பாலங்களிலும் நிழல் விழும் இடங்களிலும் அது முதலில் உருவாகும். அத்தகைய இடங்களில் வண்டியைச் சாய்க்காமலும், திடீரெனத் தடை பிடிக்காமலும், நேராகவும் மெதுவாகவும் கடக்கவும். ரொறன்ரோவின் டிராம் தண்டவாளங்களை இயன்றவரை செங்கோணத்தில் கடக்கவும்; ஐயம் இருந்தால் இறங்கித் தள்ளிச் செல்லவும்.

விழுந்துவிட்டால்

உடனே எழ முயல வேண்டாம். முதலில் கழுத்து, இடுப்பு, கை, கால்களில் வலி உள்ளதா என அறியவும். வாகனங்கள் வரும் இடமாயின், இயன்றால் ஓரத்துக்கு நகரவும். கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவது மிகவும் பொதுவானது. வீக்கம் கூடும் முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றவும். கையை அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவ உதவி நாடவும். காலை ஊன்ற இயலாவிட்டால் எழ வேண்டாம், 911-ஐ அழைக்கவும். உதவி வரும் வரை உடலுக்கும் பனிக்கும் இடையில் பை அல்லது மேலாடையை விரித்துக்கொள்ளவும். தரையின் குளிர் உடல் வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும்.

பனிக்கடியும் உடல்வெப்பக் குறைவும்

பனிக்கடி என்பது தோலும் அதன் கீழுள்ள திசுக்களும் உறைந்துபோதல் ஆகும். விரல்கள், மூக்கு, காது, கன்னம் ஆகியவை முதலில் பாதிக்கப்படும். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தோல் சாம்பல் நிறமாகவோ மெழுகு போலவோ மாறுதல், கடினமாதல், உணர்ச்சியற்றுப்போதல் ஆகியவற்றைக் கவனிக்கவும்.

- உள்ளிடத்துக்குச் சென்று ஈர உடைகளைக் களையவும்.
- மீண்டும் உறையும் வாய்ப்பு இல்லை என்றால் மட்டுமே, 37 முதல் 39 டிகிரி வெப்பமுள்ள நீரில் பாதிக்கப்பட்ட பகுதியை வைக்கவும். உணர்ச்சி உள்ள மற்றொருவர் நீரின் சூட்டைச் சோதிக்க வேண்டும்.
- தேய்க்கவோ, பனியால் தடவவோ, நெருப்பின் அருகே காட்டவோ கூடாது.
- கொப்புளம், கருமை, நீங்காத மரத்துப்போதல் இருந்தால் உடனே மருத்துவரை அணுகவும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே குறைவது உடல்வெப்பக் குறைவு எனப்படும். கடும் நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். வெப்பமடையாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது முன்னேற்றம் அன்று. நிலைமை மோசமடைவதன் அடையாளம். 911-ஐ அழைத்து, ஈர உடையை அகற்றி, மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்தவும். மது கொடுக்கக் கூடாது.

பராமரிப்பாளர்களின் கவனத்துக்கு

- நோயாளி செல்லும் வழியையும் சேரும் நேரத்தையும் கேட்டறிந்து, சேர்ந்ததும் தகவல் தருமாறு ஏற்பாடு செய்துகொள்ளவும்.
- தலையில் அடிபட்டவரை அடுத்த 48 மணி நேரம் தனியே விட வேண்டாம். கூடிவரும் தலைவலி, தொடர் வாந்தி, அளவுக்கு மீறிய உறக்கம், குழப்பம், ஒரு பக்கத் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் உடனே 911-ஐ அழைக்கவும்.
- குழந்தையை மிதிவண்டி இருக்கையில் அழைத்துச் செல்வோர், மிதிப்பவரின் உடல் சூடாக இருக்கும்போதும் அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தை விரைவாகக் குளிர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

வண்டியை விட்டுச் செல்ல வேண்டிய நாட்கள்

உறைமழை பெய்யும் நாள், காற்றுக்குளிர் அளவு -28-க்குக் கீழே உள்ள நாள், காய்ச்சல் அல்லது மூச்சுத்திணறல் உள்ள நாள், மருந்தின் அளவு புதிதாக மாற்றப்பட்ட முதல் சில நாட்கள் ஆகியவற்றில் வேறு வழியில் செல்லவும். ரொறன்ரோ நகரப் பேருந்துகளின் முன்புறம் மிதிவண்டித் தாங்கி உண்டு. பாதி வழியில் சாலை மோசமானாலும் வண்டியுடன் பேருந்தில் ஏறலாம். மருத்துவமனையில் குறித்த நேரம் தவறிவிடும் என்று அஞ்சி ஆபத்தான சாலையில் செல்ல வேண்டாம். தொலைபேசியில் அழைத்து நேரத்தை மாற்றக் கேட்கலாம்.

ஒன்ராறியோவில் அவசரமற்ற ஐயங்களுக்கு 811 என்ற எண்ணில் எந்நேரமும் பதிவுபெற்ற தாதியருடன் இலவசமாகப் பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 911-ஐ அழைக்கவும். இங்கு தரப்பட்டவை பொதுவான தகவல்கள் மட்டுமே. குளிர்காலம் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரைச் சந்தித்து, உங்கள் நோய்க்கும் மருந்துகளுக்கும் ஏற்ற அறிவுரையைப் பெற்றுக்கொள்ளவும்.