எதிரியின் நாட்குறிப்பும் ஊராரின் பாட்டும்

கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு பாஞ்சாலங்குறிச்சியின் கதை முடிந்துவிட்டது என்று கும்பினி நம்பியது. 1959இல் வந்த திரைப்படமும் அங்கேயே முடித்துக்கொண்டது. கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அது தம்பி ஊமைத்துரையின் பாதி. வாய் பேசாத ஒருவன் எப்படி ஒரு படையை நடத்தினான் என்பது அதன் மையம்.

அந்தப் பாதிக்கு நம்மிடம் இரண்டு வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று, அவனோடு போரிட்ட படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் லண்டனில் வெளியிட்ட போர் நினைவுகள். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கும்பினிச் சேவையில் எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்து எடுத்த இரண்டு பாகங்கள், இடத்திலேயே வரைந்த படங்களோடு. மற்றொன்று, யார் கட்டினார்கள் என்று சொல்ல முடியாத கதைப்பாடல். ஏட்டிலும் வாயிலுமாகப் பல வடிவங்களில் கிடந்ததை நா. வானமாமலை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஒன்றை எழுதியவர் எதிரி, மற்றொன்றைப் பாடியவர்கள் சொந்த ஊரார். ஆகவே முன்னது பொய், பின்னது மெய் என்று ஒரு சாரார் சொல்வார்கள். முன்னது ஆவணம், பின்னது கற்பனை என்று மறுசாரார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இந்த இரண்டு தீர்ப்புமே நிற்காது.

வெல்ஷ் ஒரு விருந்திலிருந்து தொடங்குகிறார். 1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் துரைமாரும் துரைசானிமாருமாகச் சுமார் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் ஊமைத்துரை உள்ளிட்ட, கோட்டைச் சிறையிலிருந்த பாளையக்காரக் கைதிகள் காவலர்களை மடக்கிவிட்டு வெளியேறுகிறார்கள். பதினாறு மாதச் சிறைவாசம் ஒரே இரவில் முடிகிறது. ஊர்க்கதையில் இதே இரவு வேறு கோணத்தில் வரும். அங்கே விருந்து இல்லை, விறகுச் சுமையும் திருச்செந்தூர்க் காவடியும் அவற்றுக்குள் ஒளித்த ஆயுதங்களும் இருக்கின்றன. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார், அந்தப் பக்கம் நின்றவர்கள் விறகுக்கட்டைப் பார்த்தார்கள். கண்ணில் பட்டதை அவரவர் எழுதினார்கள், பாடினார்கள். இதில் யார் பொய் சொன்னார் என்று கேட்பதற்கு இடமே இல்லை.

கோட்டையைப் பற்றிய பகுதியில் வெல்ஷ் படைக்காரராகவே எழுதுகிறார். 1799இல் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை ஆறே நாளில் மறுபடி எழுந்து நின்றதைக் கண்டு கும்பினிப் படை திகைத்தது. ஒழுங்கற்ற நீள்சதுரம். நீண்ட பக்கம் ஐந்நூறு அடி, குறுகிய பக்கம் முந்நூறு அடி. முழுக்க மண். கெட்டியான, ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள மண் என்று அவர் குறிப்பது எனக்குப் பிடித்த இடம். மழைக்காலத்தில் கரிசலில் நடந்து ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண்ணோடு வீடு திரும்பியவர்களுக்கு இந்தப் பக்கத்து மண்ணின் குணத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 31 அன்று அந்த மண்சுவரில் மோதிய தாக்குதல் முறிந்தது. கூடுதல் படையும் பீரங்கியும் வரும்வரை கும்பினி கிட்டத்தட்ட இரண்டு மாதம் காத்திருந்தது. கோட்டை விழுந்தது மே 24 அன்றுதான்.

இந்த அடிக்கணக்கும் தேதியும் கதைப்பாடலில் கிடைக்காது. ஆண்டு இல்லை, மாதம் இல்லை. பாடலில் கோட்டை நிற்பதற்குக் காரணம் மண்ணின் ஒட்டுத்தன்மை அல்ல. ஜக்கம்மாவின் காவலும், வேட்டைநாய்களை முயல் எதிர்த்து விரட்டிய மண் இது என்ற ஐதீகமும்தான் காரணம். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இடிந்த கோட்டையை ஆறு நாளில் எழுப்ப ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் ஓடிவந்தார்கள் என்ற கேள்விக்கு வெல்ஷின் அளவுநாடாவால் பதில் சொல்ல முடியாது. அந்த முயலால் முடியும்.

ஊமைத்துரை என்ற மனிதன் யாரிடம் உயிரோடு இருக்கிறான்? தயங்காமல் சொல்கிறேன், எதிரியிடம். பாடலில் ஊமைத்துரை வீரன். வாள் சுழற்றுவான், கோட்டை நடுங்கும், வெள்ளையர் சிதறுவார்கள். ஆனால் அந்த வீரனின் முகத்தில் வேறு எந்த வீரனின் முகத்தையும் வைத்துவிடலாம். வெல்ஷ் காட்டுபவன் உயரமான, ஒல்லியான, நோயாளிபோல் தோன்றும் இளைஞன். அந்த உடம்புக்குள் இருந்த மனவலிமையைத்தான் அவர் வியக்கிறார். தான் அறிந்த மனிதர்களிலேயே மிக அசாதாரணமானவர்களில் ஒருவன் என்கிறார். ஆட்கள் அவனைத் தெய்வம்போல் வணங்கினார்கள், அவன் ஒரு சாடை காட்டினால் அது வாக்கு என்கிறார்.

அதோடு நிறுத்தாமல், அந்தச் சாடை எப்படி இருந்தது என்றும் எழுதுகிறார். ஊமைத்துரை சிறு வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவான். அதுதான் வெள்ளைப் படை. எப்போது என்பதற்கு வேறு சாடைகள். பிறகு வலது கையை இடது கைக்கு மேல் ஓட்டி, வாயால் ஒரு சீழ்க்கை ஒலி எழுப்பி, அத்தனை வைக்கோலையும் ஒரே வீச்சில் துடைத்தெறிவான். தாக்குதலுக்கு அதுவே உத்தரவு. பேச்சே இல்லாமல் ஒரு போர்த்திட்டம். தமிழில் நான் படித்த எந்த வீர வரலாற்றிலும் இந்த உள்ளங்கைக்கு இணையான ஓர் இடம் நினைவுக்கு வரவில்லை. ஊமை என்பதைப் பாடல் ஒரு பெயராக மட்டும் வைத்துக்கொண்டது. வெல்ஷோ அந்த மனிதன் யோசித்த விதத்தையே அதில் கண்டார்.

சரி, இதை வெல்ஷ் எங்கிருந்து பார்த்தார்? பார்த்திருக்கவே முடியாது. கோட்டைக்குள் ஊமைத்துரை தன் ஆட்களோடு ஆலோசனை செய்தபோது வெல்ஷ் வெளியே, எதிர்ப்பக்கத்தில். வைக்கோல் காட்சியை உள்ளே இருந்த யாரோ பின்னால் சொல்லித்தான் அவர் அறிந்திருக்க வேண்டும். சொன்னவர் இந்த வட்டாரத்துக்காரர், தமிழோ தெலுங்கோ பேசியவர், பாடலைக் கட்டியவர்களுக்கு அக்கம்பக்கத்தவர்.

இன்னொரு இடமும் இப்படித்தான். மே 24க்குப் பின் ஊமைத்துரை உடம்பெல்லாம் காயத்தோடு கோட்டையிலிருந்து சில மைல் தள்ளிக் கிடக்கிறான். களத்தில் கிடந்தவர்களைத் தேடிப் பெண்கள் வருகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். இன்னும் உயிர் இருக்கிறது. தூக்கப் போகிறாள். மகன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். மகனை விட்டுவிட்டு அவள் ஊமைத்துரையைத் தூக்கிப்போகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். துணியைப் போர்த்தி, பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். பையன் அம்மையில் போய்விட்டான் என்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் கிட்டே நெருங்காமல் ஓடிவிடுகிறார்கள்.

இந்தச் சம்பவம் வெல்ஷின் புத்தகத்தில் இருக்கிறது. கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு வெல்ஷைப் பெரிதும் நம்பி நின்றது. அதற்குப் பின் தமிழில் எழுதியவர்கள் பலரும் இதைச் சொன்னார்கள். இதிலும் வெல்ஷ் சாட்சி அல்ல, கேட்டவர்தான். ஒப்பாரியும், அம்மை பற்றிய பயமும், மகனைவிடத் தலைவன் பெரிது என்ற அந்தக் கொடிய நியாயமும் கதைப்பாடலின் சொந்தச் சரக்குகள். ஆக, கும்பினி அதிகாரியின் நினைவுக் குறிப்பில் மிக உயர்ந்து நிற்கும் இரண்டு இடங்களும் அவர் எதிரி நாட்டாரிடம் காதால் வாங்கியவை. ஊராரின் பாட்டு ஒன்று ஆங்கில உடையில் அந்தப் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. எதிரியின் ஆவணம், ஊராரின் கற்பனை என்று நடுவில் கோடு கிழிப்பவர்கள் கவனிக்காதது இதைத்தான்.

பாடலும் வெறும் கற்பனை அல்ல. ஜாக்சன் என்ற கலெக்டர் அதில் சாக்சன் துரையாக வருகிறார். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் அவருக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்பு, அதில் மூண்ட கைகலப்பு எல்லாம் இருக்கிறது. கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளையின் ஆட்கள் கும்பினி நெல்லைக் கொள்ளையிட்ட விவகாரத்தை ஊர்ப்பாட்டு மறைக்கவில்லை. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெறும் புகழ்ப்பாட்டாக இருந்திருந்தால் நாயகனுக்குச் சங்கடம் தரும் அந்த நெல்லை முதலில் உதறியிருக்கும். பின்னாளில் ம.பொ. சிவஞானம் கட்டபொம்மனை விடுதலை வீரனாக நிறுவியபோதும், தமிழ்வாணன் அவனைக் கொள்ளைக்காரன் என்று புத்தகமே போட்டபோதும் நடந்த சண்டைக்கான விதை அந்த நெல்லில்தான் கிடந்தது. பாடல் இரண்டையும் ஒருசேரச் சொல்லிவிட்டுப் போனது. படித்தவர்கள்தான் ஆளுக்குப் பாதியைப் பிய்த்துக்கொண்டார்கள்.

வெல்ஷிடம் அறவே இல்லாதது வீடு. போருக்குப் போகும் கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவனை அவன் மனைவி வெள்ளையம்மாள் கெட்ட கனவு கண்டேன் என்று தடுக்கும் காட்சிக்காகவே விடிய விடியக் காத்திருந்த கூட்டங்கள் உண்டு. கூத்தில் கோட்டை விழும்போதைவிட அந்த இடத்தில்தான் பெண்கள் அதிகம் அழுவார்கள். வெல்ஷின் பக்கங்களில் அந்தத் தாயையும் அவளோடு வந்த பெண்களையும் தவிர மற்றப் பெண்கள் விருந்து மேசையில்தான் இருக்கிறார்கள். கும்பினிக்கு ஏன் கிஸ்தி கட்ட வேண்டும், ஏன் இந்தச் சண்டை என்ற கேள்வியும் அவர் மேசைக்கு வருவதில்லை. உத்தரவு வந்தது, போனோம். படைவீரர் நினைவுக் குறிப்புகள் எந்த நாட்டிலும் பெரும்பாலும் இப்படித்தான். அருகிலிருப்பதைக் கூர்மையாகக் காட்டும், ஏன் அங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் தொடாது.

பாடலின் குறை வேறு வகை. அதற்கு எட்டயபுரத்துப் பாளையக்காரர் எட்டப்பன் வேண்டும். எல்லாத் தோல்வியையும் ஒரே ஆளின் தலையில் கட்டி இறக்கிவைக்க அது வசதி. அந்தப் பெயர் தமிழில் துரோகியைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. எட்டயபுரத்தாருக்கும் ஒரு வரலாறு இருந்தது. 1879இல் அச்சான ‘வம்சமணி தீபிகை’ அவர்கள் பக்கத்துக் கதை. அதைத் திருத்தி எழுதித் தருவதாக 1919இல் பாரதி எட்டயபுரம் ராஜாவுக்குக் கடிதம் எழுதினார் என்பது பலரும் பேச விரும்பாத செய்தி. பிழைப்புக்கு வழி தேடிய கவிஞனை அதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வேலை நடந்திருந்தால் கரிசலில் மூன்றாவது வரலாறு ஒன்று நல்ல தமிழில் இருந்திருக்கும், பாட்டுக்குச் சரியான எதிர்ப்பாட்டாக.

வெல்ஷின் இரக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1795இல், தனக்கு இருபது வயதானபோது, ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர், பின்னால் ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்த சிவகங்கைச் சின்ன மருது என்று அவர் எழுதுகிறார். ஆறு ஆண்டு கழித்து அதே மனிதரைக் காட்டு விலங்கைப்போல் துரத்த நேர்ந்ததையும், தொடை முறிந்து சிறையில் கிடந்ததையும், அண்ணனோடும் மகனோடும் தூக்கில் தொங்கியதையும் வருத்தத்தோடு சொல்கிறார். வருத்தம் உண்மைதான். ஆனால் அந்த வருத்தம் எங்கும் கேள்வியாக மாறவில்லை. விதி என்கிறார், போரின் போக்கு என்கிறார். 1809இல் திருவிதாங்கூரின் ஆரல்வாய்மொழி அரணைத் தாக்கிப் பிடித்த படைக்கும் இவரே தலைமை தாங்கினார். கண்ணீரும் கடமையும் இவரிடம் தனித்தனிக் கணக்கு. மருதிருவர் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில்.

பாடலுக்கு எதிரி மேல் இரக்கமே கிடையாது. பாஞ்சாலங்குறிச்சியில் கும்பினி வீரர்களின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே கிடப்பவர்களைப் பற்றி இந்தப் பாட்டில் ஒரு வரியும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் பாடல் வெல்ஷிடம் முழுதாகத் தோற்கிறது. தூக்குகளுக்குப் பிறகு எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அதில் உண்டு, அப்போது பதினைந்து வயது. 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது அவரைத் தேடி ஒருவர் வந்து நிற்கிறார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்க வேண்டிய அவர் கிழவராகியிருக்கிறார். பெயரைச் சொன்ன பிறகுதான் வெல்ஷுக்கு அடையாளம் தெரிகிறது. அந்தச் சந்திப்பை அவர் எழுதியிருக்காவிட்டால் துரைசாமியின் பிற்கால வாழ்க்கையில் இந்த ஒரு நாள்கூட நமக்குக் கிடைத்திருக்காது. கதைப்பாடல் கடலோரத்தோடு நின்றுவிட்டது. கட்டுவதற்கு யாராவது வந்து சொல்ல வேண்டும், கப்பலில் போனவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் வரவில்லை. அந்த எழுபது பேரில் மற்றவர்களைத் தேடி வெல்ஷும் போகவில்லை. அவர்களுக்கு நாட்குறிப்பும் இல்லை, பாட்டும் இல்லை.