பிறர் எழுதிய பாட்டு, தன் குரல்: பாடகி ஃபிரான்ஸ் கால் குறித்து ஒரு மறுவாசிப்பு

பிரெஞ்சுப் பாப் இசை வரலாற்றில் ஃபிரான்ஸ் கால் (1947–2018) பற்றிச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருகிறது. அறுபதுகளில் அவர் ஆண்கள் ஆட்டுவித்த பொம்மை. பாடலாசிரியர் செர்ஜ் கெய்ன்ஸ்பூர் எழுதிக் கொடுத்ததைப் பொருள் அறியாமல் பாடியவர். எழுபதுகளில் மிஷெல் பெர்ஜே என்னும் இசையமைப்பாளர் வந்து அவரை மீட்டார். அதன்பின்தான் அவருடைய உண்மையான குரல் வெளிப்பட்டது. கெடுத்தவரும் ஆண், காத்தவரும் ஆண். இரு பாதிகளிலும் பாடகி செயப்படுபொருளாகவே நிற்கிறார். இந்த வரலாற்றை ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பாட்டு எழுதாத பாடகிக்கும் தன் கலைமீது ஆளுகை உண்டு. யாருடைய பாட்டைப் பாடுவது, எதை இனித் தொடுவதில்லை, எப்போது வாயை மூடிக்கொள்வது என்ற தேர்வுகளில் அதைத் தேட வேண்டும்.

இசபெல் கால் என்ற இயற்பெயருடன் 1947 அக்டோபர் 9 அன்று பாரிசில் பிறந்தவர் அவர். தாய்வழிப் பாட்டனார் போல் பெர்த்தியே, புகழ்பெற்ற ‘மரச்சிலுவைச் சிறுவர் பாடகர் குழு’வைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். தந்தை ரொபேர் கால், பாடகர் ஷார்ல் அஸ்நவூருக்கு ‘லா மம்மா’ எழுதிய பாடலாசிரியர். 1963இல் மகளின் குரலை ஃபிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்திடம் கொண்டுசென்றவரும் அவரே. இசபெல் ஓப்ரே என்ற பாடகி முந்திய ஆண்டுதான் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றிருந்தார். குழப்பம் வரக்கூடாதென்று புதியவரின் பெயரை ‘ஃபிரான்ஸ்’ ஆக்கினார்கள். பெயர்கூட அவர் விரும்பித் தேர்ந்ததன்று.

இங்கே சட்டத்தையும் பார்க்க வேண்டும். இசை விமர்சகர்கள் இதைப் பொருட்படுத்துவது குறைவு. பிரான்ஸ் நாட்டில் 1974 வரை ஒருவர் சட்டப்படி உரிய வயதை அடைந்தது 21இல். மணமான பெண் கணவரின் சம்மதமின்றி வேலைக்குச் செல்லவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965 ஜூலைச் சட்டம்தான் வழிசெய்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமோ பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் படைப்பாளிகளாக ஏற்றது, பாடுபவரை ஏற்கவில்லை. கலைஞர்களுக்குத் தம் நிகழ்த்துதலின்மீது தனி உரிமை தந்த சட்டம் 1985இல்தான் வந்தது. ஆகவே, பதினாறு வயதுப் பாடகி யாருடைய விருப்பத்துக்கு ஆடினார் என்ற கேள்விக்கு விடையை அவருடைய மனப்பக்குவத்தில் தேடுவதைவிடச் சட்டப் புத்தகத்தில் தேடுவது நேர்மையானது.

அக்காலச் சந்தையும் அப்படித்தான். ‘சலு லெ கோப்பேன்’ வானொலி நிகழ்ச்சியும் அதே பெயரில் 1962இல் தொடங்கிய இதழும் பதின்வயதினரைத் தனி வாடிக்கையாளர் கூட்டமாக்கின. 1963 ஜூன் 22 இரவு பாரிசின் நாசியோன் சதுக்கத்தில் இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடியதைக் கண்ட சமூகவியலாளர் எட்கர் மொரேன், ‘ல மோந்த்’ நாளிதழில் அந்தத் தலைமுறையின் இசைக்கு ‘யே-யே’ என்று பெயர் சூட்டினார். சில மாதங்களிலேயே ஃபிரான்ஸ் காலின் முதல் இசைத்தட்டு வந்தது. நான்கு பாட்டுகள் கொண்ட சிறு தட்டுகள் வரிசையாக வெளியாயின. ‘சாக்ரே ஷார்லமாஞ்’ என்ற பள்ளிச் சிறுவர் பாட்டு 1964இல் பரவலாக விற்றது, வரிகள் தந்தையுடையவை. ஆனால் அதே ஆண்டின் ‘ஜாஸ் ஆ கோகோ’வைக் கேட்பவர்களுக்கு வேறொரு பாடகி தெரிவார். அலேன் கொராகேரின் ஜாஸ் வாத்தியக் கோப்பில், தாளத்துக்குச் சற்று முன்னே பாய்ந்தும் பின்னே தங்கியும் அவர் விளையாடுகிறார். பொம்மைக்கு இந்தத் தாள உணர்வு எங்கிருந்து வந்தது?

1965 மார்ச் 20, நேப்பிள்ஸ் நகரம். லக்சம்பர்க் நாட்டின் சார்பில் யூரோவிஷன் மேடையேறிய பதினேழு வயதுப் பெண், கெய்ன்ஸ்பூர் எழுதிய ‘பூப்பே த சீர், பூப்பே த சோன்’ பாட்டைப் பாடி வென்றார். மெதுவான காதற்பாட்டுகளுக்குப் பழகிய மேடையில் அது குதிரைப் பாய்ச்சலாக ஓடியது. சுருதி அங்கங்கே பிசகுகிறது. வேகம் மட்டும் குறையவே இல்லை. அப்பாட்டின் பொருள், காதலை அறியாமலே காதலைப் பாடும் மெழுகுப் பொம்மை. யே-யே பாடகிகளைப் பற்றிய நையாண்டியை அவர்களுள் ஒருத்தியின் வாயாலேயே சொல்லவைத்தார் கெய்ன்ஸ்பூர். உத்தி கூர்மையானது, ஐயமில்லை. ஆனால் பின்னாளில் ஃபிரான்ஸ் காலைப் பொம்மை என்று எழுதியவர்கள் கைக்கொண்ட முதன்மைச் சான்றே இப்பாட்டுத்தான். வழக்கில் ஒரு தரப்பு எழுதிய மனுவையே தீர்ப்பாக நகலெடுத்ததற்கு இது ஒப்பாகும்.

1966இல் வந்த ‘லெ சுய்செத்’ இன்னும் கசப்பானது. மிட்டாய் சுவைக்கும் சிறுமியைப் பற்றிய பாட்டு என நம்பிப் பாடினார். அதில் ஒளிந்திருந்த பாலியல் உட்பொருள் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. வஞ்சிக்கப்பட்டதாக உணர்ந்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். இதை அவருடைய வெகுளித்தனத்துக்கு உதாரணமாகச் சிரித்தபடி எடுத்துச்சொல்லும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. உட்பொருளை அறிந்தவர் எழுதினார், அறியாதவர் பாடினார். இதில் அளக்கப்பட வேண்டியது பாடகியின் அறிவன்று.

என் வாதத்துக்கு இடையூறான ஒன்றையும் மறைக்கக் கூடாது. இதற்குப் பின்னும் அவர் கெய்ன்ஸ்பூரின் பாட்டுகளைப் பதிவுசெய்தார், 1972இல்கூடப் பாடியிருக்கிறார். மறுப்பு ஒரே நாளில் பிறக்கவில்லை. பிரான்ஸ் நாட்டில் விற்பனை சரிந்த அந்த ஆண்டுகளில் ஜெர்மன் மொழிப் பாட்டுகளே அவரைத் தாங்கின. (இதே காலத்து இன்னொரு செய்தி: அவரைக் காதலித்துப் பிரிந்த பாடகர் க்ளோத் ஃபிரான்சுவா அந்தக் காதலின் முடிவைப் பாடிய 1967ஆம் ஆண்டுப் பாட்டுத்தான் பின்னர் ஆங்கில வரிகள் பெற்று ‘மை வே’ ஆனது. அங்கும் அவர் பிறருடைய பாட்டுக்குப் பொருளாகவே இருந்தார்.)

மீட்புக் கதையின் இரண்டாம் பாதி கால வரிசையிலேயே தடுக்கி விழுகிறது. மிஷெல் பெர்ஜே அவரைத் தேடி வரவில்லை. 1973இல் வானொலியில் பெர்ஜேயின் பாட்டைக் கேட்டு, இவர் எழுதினால்தான் பாடுவேன் என்று முடிவுசெய்து அணுகியவர் ஃபிரான்ஸ் கால், தயங்கியவர் பெர்ஜே. பெர்ஜே எழுதிய ‘லா தெக்லரசியோன் தமூர்’ 1974இல் வெளிவந்தது. 1976இல் இருவரும் மணந்துகொண்டனர். 1973இல் எடுத்த அந்த முடிவே தன் பாடலாசிரியரை அவர் தானே தேர்ந்த முதல் தருணம். ஆனால் இந்த ஆளுகை அவருடைய இயல்பிலேயே முன்பிருந்து ஒளிந்திருந்தது என்று சொல்வது மிகை. தேர்வு என்பதற்குப் பேரம் பேசும் வலு வேண்டும். வயதும் பெயரும் பத்தாண்டு வெற்றிதோல்விகளின் அனுபவமும் சேர்ந்த பின்பே அது கிட்டியது.

பெர்ஜேயின் பாட்டுகளிலும் பெண்குரலில் பேசும் ‘நான்’ ஓர் ஆண் எழுதியதே. அந்த வகையில் கெய்ன்ஸ்பூர் காலத்துக்கும் இதற்கும் வேறுபாடில்லை. வேறுபாடு, பாட்டுக்குள் என்ன நுழைகிறது என்பதில் இருக்கிறது. ‘பபக்கார்’ (1987), செனகலில் ஓர் இளந்தாய் தன் குழந்தையை இத்தம்பதியிடம் ஒப்படைக்க முன்வந்த நிகழ்விலிருந்து பிறந்தது. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைப் போற்றும் ‘எல்லா, எல் லா’ அதே பெயருள்ள தொகுப்பில் வந்து ஐரோப்பாவெங்கும் ஒலித்தது. ஜாஸ்மீது ஃபிரான்ஸ் கால் கொண்ட பற்று 1964லேயே தெரிந்த ஒன்று. தாளத்தின் பக்கம் சாயும் அந்தக் குரலுக்கு, ‘மாக்மா’ ராக் இசைக்குழுவிலிருந்து வந்த ஜனிக் டோப்பின் பேஸ் கிட்டார் நல்ல துணையாயிற்று. 1978இல் ஷான்செலிசே அரங்கில் அவர் நடத்திய நிகழ்ச்சிக்கு வாசித்தவர்கள் பெண்கள். பின்னணியில் பெண்கள் நிற்க, வாத்தியம் ஆண்களிடம் இருப்பதே அன்றைய வழக்கம். அதை அவர் தலைகீழாக்கினார். விமர்சகர்கள் இதை ஒரு வேடிக்கையாகக் கடந்துபோனது வியப்பன்று.

1992இல் இருவரும் சேர்ந்து பாடிய ‘தூப்ள் ழு’ தொகுப்பு வெளியானது. ஆகஸ்ட் 2 அன்று பெர்ஜே மாரடைப்பால் இறந்தார்; வயது 44. இருவரும் சேர்ந்து பாடத் திட்டமிட்டிருந்ததை 1993இல் பெர்சி அரங்கில் அவர் தனியாக நின்று பாடினார். அதே ஆண்டில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை. 1996இல் பெர்ஜேயின் பாட்டுகளைப் புதிய கோப்பில் மீண்டும் பதிவுசெய்த ‘ஃபிரான்ஸ்’ தொகுப்பு வந்தது. புதிய எழுத்தாளரைத் தேடாமல் பழைய எழுத்தையே மாற்றி அமைத்ததில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது. 1997 டிசம்பரில் மகள் போலின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் இறந்தபின் அவர் ஏறக்குறைய முழுமையாக ஒதுங்கினார். இசைத்துறை விருப்பம்போல் பாடவைத்த ஒருவர், அதே துறை அழைத்தும் இருபதாண்டுகள் பெரும்பாலும் பாடாதிருந்தார்.

2015இல் பாரிசில் ‘ரெசிஸ்த்’ என்ற இசை நாடகம் அரங்கேறியது. இசைக்கலைஞர் ப்ருக் தாவித்துடன் சேர்ந்து அதன் கதையை எழுதியவராக ஃபிரான்ஸ் காலின் பெயர் இருந்தது. மேடையில் பாடியவர்கள் இளையவர்கள். பாட்டுகள் பெர்ஜேயுடையவை. 1965இல் அவருக்கு வெற்றி தந்த கெய்ன்ஸ்பூரின் பாட்டுக்கு அங்கு இடம் தரப்படவில்லை.